எந்தப் பட்டத்து மல்லாட்டை

1

வருகிற சனிக்கிழமை என் மகள் கோர்ட்டில் சாட்சி சொல்லப்போகிறாள். ஊரில் இதைப் படிக்கிறவர்கள் பதற வேண்டாம். பள்ளிக்கூடப் போட்டிதான். நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் பக்கம் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதிரி வழக்குப் போட்டி வைக்கிறார்கள். பிள்ளைகளே வக்கீல், பிள்ளைகளே சாட்சி. விடுமுறை நாளில் நிஜக் கோர்ட் கட்டடத்தையே திறந்துவிடுகிறார்கள். நம் திண்டிவனத்தில் கோர்ட்டுப் படி ஏறாமல் வாழ்ந்தோம் என்று சொல்வது குடும்பத்துக்குப் பெருமை. இங்கே பிள்ளை படி ஏறுவதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி டீச்சர் கடிதம் எழுதுகிறார்.

ஜெனிக்குப் பதினாலு வயது. ஒரு கடைக் காவலாளியின் வேஷம். அந்தக் காவலாளியின் வாக்குமூலம் ஐந்து பக்கம். முழுதையும் மனப்பாடம் செய்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து நான் ரசம் வைத்துக்கொண்டிருந்தபோது காகிதத்தோடு வந்து நின்றாள்.

"மம்மி, கொஸ்டின் கேளு."

"அந்த ஆளை எத்தனை மணிக்குப் பார்த்தே?"

"காலை ஒன்பது நாற்பதுக்கு."

"சரியா நாற்பதா? உன் வார்த்தையில சொல்லேன்."

"நோ மம்மி. பேப்பர்ல இருக்கிறதைத்தான் சொல்லணும். வேற சொன்னா பாயின்ட் போயிடும்."

"உனக்கு ஞாபகம் இல்லைன்னா?"

"எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? நான் அங்கே இல்லவே இல்லையே!" என்று சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டும். ஆனால் அவள் தோளைக் குலுக்கிவிட்டு, "பேப்பர்ல இருக்கிறதை அப்படியே சொல்லு, வேற எதுவும் பேசாதே. அவ்ளோதான் ரூல்" என்றாள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று கேட்காதீர்கள். கரண்டியை மேடையில் ஓங்கி வைத்தேன். "அப்படிச் சாட்சி சொல்றதா இருந்தா நீ போகவே வேண்டாம்" என்று கத்தினேன். ஜெனி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். கூடத்தில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்த என் கணவர் ஆரோக்கியம், "ஸ்கூல் போட்டிக்கு ஏன் இப்படிக் குதிக்கிறே?" என்றார்.

அவருக்கும் தெரியாது. பதினைந்து வருடமாகச் சொல்லவில்லை. அவள் சொன்ன அந்த இரண்டு வாக்கியமும் நான் ஒரு காலத்தில் ஒருத்தியிடம் சொன்னவை, ஏறக்குறைய அப்படியே.

2

இங்கே என் வேலைக்குப் பாராலீகல் என்று பெயர். ஊருக்குப் போன் செய்தால் என் தங்கை, "வக்கீலாயிட்டியாக்கா?" என்பாள். இல்லை. வக்கீல் குமாஸ்தாவுக்குக் கோட்டு மாட்டிவிட்டால் என்னவோ அதுதான் நான். கோர்ட்டில் வாயைத் திறக்கக் கூடாது. கட்சிக்காரருக்குச் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. மற்றதெல்லாம் செய்யலாம்.

வழக்கு விசாரணைக்கு வருவதற்கு ஆறு மாதம் முன்பே என் வேலை ஆரம்பித்துவிடும். முதலில் நடந்ததை எல்லாம் தேதிவாரியாக ஒரு பட்டியல் போடுவேன். எந்தத் தேதிக்கு எந்தக் காகிதம் ஆதாரம் என்று பக்கத்திலேயே குறிப்பேன். ஆஸ்பத்திரிக்கும் போலீசுக்கும் எழுதிப் போட்டு ஆவணங்களை வரவழைப்பேன். அவை வரவே வராது. வந்தாலும் வேறு யாருடையதாவது வரும். திரும்ப எழுதுவேன். சாட்சிகளை முன்கூட்டியே விசாரித்து எடுத்த வாக்குமூலங்கள் நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும். அதைப் படித்து, இந்தப் பக்கத்தில் இந்த வரியில் இப்படிச் சொன்னார், அந்தப் பக்கத்தில் மாற்றிச் சொன்னார் என்று சுருக்கம் எழுதுவேன். ஆவணங்களுக்கு எண் ஒட்டி, தடித்த கோப்புகளில் கோத்து, நீதிபதிக்கு ஒன்று, எதிர்த் தரப்புக்கு ஒன்று, சாட்சிக்கு ஒன்று, நமக்கு ஒன்று. பிறகு சாட்சிகளுக்குப் போன் செய்து எங்கே கார் நிறுத்த வேண்டும் என்பதில் தொடங்கி, பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம் என்பது வரை விளக்குவேன். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் மூன்று முறை சொல்வேன்.

இந்த இடத்துக்கு வருவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. வந்த விசாவில் ஏழு வருடம் வேலை செய்யக் கூடாது. திண்டிவனத்தில் பதினோரு வருடம் வக்கீல் ஆபீசில் இருந்தேன் என்று விண்ணப்பத்தில் எழுதினால், அந்த ஆபீசின் மின்னஞ்சல் முகவரி என்ன என்று கேட்டார்கள். எங்கள் சீனியர் வக்கீலின் ஆபீசில் மின்சாரமே பாதி நாள்தான் இருக்கும். பிறகு இங்கே கல்லூரியில் சேர்ந்து, எனக்குப் பாதி வயதுக்காரர்களோடு உட்கார்ந்து, எனக்குத் தெரிந்ததையே ஆங்கிலத்தில் படித்துச் சான்றிதழ் வாங்கினேன். வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் வக்கீல் மார்க்கை "சார்" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். "தயவுசெய்து நிறுத்துங்கள், என் அப்பாவைக் கூப்பிடுவது போல இருக்கிறது" என்றார். இப்போது மார்க் என்கிறேன். மனசுக்குள் இன்னமும் சார்தான்.

ஆபீசில் எனக்கு ஒரு பெயர் உண்டு, தேதிக்காரி. போன மாதம் ஒரு சாட்சி, "முதல் பனி விழுந்த வாரம்தான் அந்த விபத்து" என்றார். மார்க் உடனே நவம்பர் என்று எழுதினார். நான் விடவில்லை. எந்தப் பனி? தூவிவிட்டுப் போனதா, தரையில் நின்றதா? வானிலைப் பதிவைத் தேடி எடுத்தேன். அந்தக் குளிர்காலத்தில் பனி முதலில் தரையில் நின்றது ஜனவரியில்தான். மார்க் சிரித்துக்கொண்டே, "எல்லாரும் சாட்சியைத்தான் நம்பமாட்டார்கள். நீ காலண்டரையே நம்பமாட்டாய்" என்றார். பாராட்டுத்தான். எனக்கு அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

3

1993-ல் விழுப்புரம் தனி மாவட்டமானது. அதே வருடம்தான் நான் திண்டிவனத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். இருபது வயது. கடலூருக்கு ஓடிக்கொண்டிருந்த கட்சிக்காரர்கள் எல்லாம் இனிமேல் விழுப்புரம் போனால் போதும் என்று சந்தோஷப்பட்டார்கள். வழக்குகள் சீக்கிரம் முடியும் என்றும் நம்பினார்கள், பாவம்.

சீனியர் நல்ல வக்கீல். மகா கோபக்காரர். காலையில் கோர்ட்டுக்குக் கிளம்பும்போது, "ஜல்தி ஜல்தி, கட்டு எங்கே?" என்று அவர் கத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஒரு எழுத்து தப்பாக அடித்தால் காகிதத்தை என் முகத்துக்கு நேராகக் கிழித்துப் போடுவார். மாலையில் அவரே டீ வாங்கி வரச் சொல்லி, "மனசுல வச்சிக்காதம்மா" என்பார். நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் பயம் மட்டும் உள்ளே தங்கிவிட்டது.

வயதான குமாஸ்தா ஓய்வு பெற்றதும் அவர் வேலையும் என் தலையில் விழுந்தது. வாய்தாத் தேதிகளை டைரியில் எழுதுவது, சாட்சிகளுக்குச் சொல்லி அனுப்புவது எல்லாம் நான்தான். சாட்சிகளை முதலில் விசாரிப்பதும் நானே ஆயிற்று. பெண்கள் சீனியர் முன்னால் நின்றால் வாயடைத்துப் போவார்கள். அதனால் என் மேஜைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்காரவைத்து நான் கேட்பேன். அவர்கள் சொல்வதை நான் கோர்ட்டு பாஷைக்கு மாற்றி அடிப்பேன். "கோழி கூவச்சொல்ல" என்பார்கள், கூவும்போது என்று அர்த்தம். நான் "அதிகாலை சுமார் ஐந்து மணியளவில்" என்று அடிப்பேன். "தேர்த் திருவிழாவுக்கு மறுநாளு" என்பார்கள். நான் காலண்டரைப் புரட்டித் தேதி போடுவேன். இதில் எனக்கு ஒரு திமிரே வந்துவிட்டது. எந்த ஊர்க்காரி எதைச் சொன்னாலும் தேதியாக்கிவிடுவேன் என்ற திமிர்.

4

பச்சையம்மாள் வல்லம் பக்கத்துக்காரி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னைப் பாப்பா என்பார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இறந்துபோனார். எண்பது சென்ட் நிலமும் ஒரு கிணறும் மிச்சம். கொழுந்தனார் ஒரு காகிதத்தைக் காட்டி, அண்ணன் சாவதற்கு முந்தின வருடமே நிலத்தை எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டார், இதோ கையெழுத்து என்று வேலியைப் பிடுங்கினார். காகிதத்தில் இருந்த தேதி அக்டோபர் கடைசி வாரம். நிலத்தை மீட்க வழக்குப் போடத்தான் பச்சையம்மாள் எங்கள் சீனியரிடம் வந்தார்.

"கையெழுத்தா?" என்றார் பச்சையம்மாள். "அந்தக் கை சோத்த எடுத்து வாயில வைக்காது பாப்பா. நாந்தான் ஊட்டிக்கினு இருந்தேன். கெணத்துல மோட்டாரு மாட்டச்சொல்ல வுழுந்தாரு. அதோட அந்தக் கை செத்துப்போச்சி."

"எப்பக்கா விழுந்தாரு?"

"மல்லாட்டை புடுங்கிக்கினு இருந்தோம். அப்பதான்."

இங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் ஊர் மானாவாரி. ஆடியில் மழையை நம்பி விதைத்து ஐப்பசியில் மல்லாட்டை பிடுங்குவோம். வருடத்துக்கு ஒரே முறை. ஐப்பசி என்றால் அக்டோபர். காகிதத்தில் இருப்பதும் அக்டோபர். இரண்டும் இப்படிப் பொருந்துகிறதே என்று எனக்கு ஒரே குஷி. "அக்டோபர் மூன்றாவது வாரத்தில் என் கணவர் கிணற்றில் விழுந்து வலது கை செயலிழந்த காரணத்தால், மேற்படி ஆவணத்தில் கையெழுத்திட்டிருக்க இயலாது" என்று அடித்தேன். சீனியர் படித்துவிட்டு, "பிரமாதம்மா" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை அபூர்வம்.

ஆனால் அது கிணறும் மோட்டாரும் இருக்கிற நிலம். தண்ணீர் இறைத்து விளைவிக்கும் இறவை மல்லாட்டையை மார்கழியில் விதைத்துப் பங்குனியில் பிடுங்குவார்கள். அவர் சொன்னது பங்குனி. அந்த மனிதர் பங்குனியில் விழுந்து, காகிதத்துத் தேதிக்கு முன்பே ஆறேழு மாதம் கை சூம்பிக் கிடந்திருக்கிறார். அதை அப்படியே எழுதியிருந்தால் வழக்கு இன்னும் பலமாக நின்றிருக்கும். விதைக்கும் பருவத்தைத்தான் பட்டம் என்போம். எந்தப் பட்டத்து மல்லாட்டை அக்கா என்று ஒரு கேள்வி. விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அது கேட்கத் தோன்றவில்லை. கிணறு என்ற சொல்லை என் கையாலேயே அடித்திருக்கிறேன், அப்போதும் தோன்றவில்லை.

அந்த நாளில்தான் சட்டம் மாறி, சாட்சி கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே பிரமாணப் பத்திரமாக எழுதித் தாக்கல் செய்யலாம் என்று வந்திருந்தது. கூண்டில் ஏறினால் குறுக்கு விசாரணைதான் மிச்சம். நான் அடித்ததைப் பச்சையம்மாளுக்கு வேகமாகப் படித்துக் காட்டினேன். அக்டோபர் என்று படித்தேன். ஐப்பசி என்று படித்திருந்தால் அங்கேயே தடுத்திருப்பார். அவருக்கு இங்கிலீஷ் மாசக் கணக்கு தெரியாது.

"மாசம்லாம் நமக்கு எங்க பாப்பா தெரியுது? நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டார். எழுத்துக்கூட்டிப் பெயரை எழுத ஐந்து நிமிஷம் ஆயிற்று.

நான் சொன்னேன்: "கூண்டுல பேப்பர்ல இருக்கிறதை அப்படியே சொல்லுங்க. வேற எதுவும் பேசாதீங்க."

அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அக்டோபரு, மூணாவது வாரம். அக்டோபரு, மூணாவது வாரம்.

5

குறுக்கு விசாரணை அன்று நான் சீனியருக்குப் பின்னால் வழக்குக் கட்டோடு உட்கார்ந்திருந்தேன். எதிர்த் தரப்பு வக்கீல் கத்தவில்லை. சாந்தமாகக் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரரு எப்ப விழுந்தாரும்மா?"

"அக்டோபரு மூணாவது வாரமுங்க."

"அக்டோபர்னா தமிழ்ல என்ன மாசம்?"

பச்சையம்மாள் விரல் மடக்கி மாசங்களை எண்ணிப் பார்த்தார். வக்கீல் காத்திருந்தார்.

"தெரியாதுங்க."

"தெரியாத மாசத்தை எப்படிச் சொல்றீங்க? யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. நேராக, நிதானமாக. நான் மடியில் இருந்த கட்டின் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரும் சொல்லிக் குடுக்கலீங்க. நாந்தான் சொன்னேன்."

வக்கீல் ஒரு சீட்டை எடுத்தார். அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்ததே கொழுந்தனார்தான். சீட்டு அவரிடம் பத்திரமாக இருந்திருக்கிறது. தேதி மார்ச் கடைசி. "பங்குனியில சேத்ததா இதுல இருக்குதே?"

"ஆமாங்க!" பச்சையம்மாளின் முகம் தெளிந்தது. "பங்குனிதாங்க. மல்லாட்டை புடுங்கச்சொல்ல..."

"அப்ப அக்டோபர்ங்கிறது பொய்?"

"பொய் சொல்லணும்னு சொல்லலீங்க."

"பங்குனியில விழுந்து கட்டுப் போட்ட கை, ஐப்பசிக்குள்ள கூடிடாதா?"

"கூடலீங்க. அந்தக் கை கடைசி மட்டும் வெளங்கவே இல்லீங்க."

"அதை உங்க பத்திரத்துல சொல்லலியே?"

சொல்லவில்லை. நான் எழுதவில்லை. அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இறவை, பங்குனி, கிணறு எல்லாம். சீனியர் என் முன்னால் ஒரு கை தூரத்தில் இருக்கிறார். முன்னால் சாய்ந்து காதில், "சார், தப்பு என்னுது, மறு விசாரணையில பங்குனின்னு தெளிவுபடுத்திடுங்க" என்று சொன்னால் போதும். அரை நிமிஷ வேலை. குறுக்கு விசாரணை முடிந்ததும் நம் வக்கீலே சாட்சியை மறுபடி கேட்கலாம், அதற்கு வழி இருந்தது. இன்று மார்க்குக்கு இதே போல எத்தனையோ முறை துண்டுச் சீட்டு நீட்டியிருக்கிறேன்.

சொல்லவில்லை. காகிதம் முகத்துக்கு நேராகக் கிழிபடும் என்று பயந்தேன். கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயம். வேலை போனால் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று பயந்தேன். பயத்துக்குக் காரணங்களை நான் இப்போதும் வரிசையாகச் சொல்வேன், அதில் எனக்குக் குறைவில்லை. "மறு விசாரணை இல்லை" என்று சீனியர் எரிச்சலோடு உட்கார்ந்தார். வெளியே வந்து பச்சையம்மாளிடம், "ஏம்மா, ஒரு மாசத்தைக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியாதா?" என்று கத்தினார். அவர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாரே தவிர வாய் திறக்கவில்லை. நானும்தான்.

வாதியின் சாட்சியம் நம்பத்தக்கதாக இல்லை என்று தீர்ப்பு வந்தது. அந்த நகலையும் நான்தான் வாங்கி வந்தேன்.

6

மேல்முறையீடு விழுப்புரத்தில். தாக்கல் செய்ய நானும் பச்சையம்மாளும் பஸ்ஸில் போனோம். மேல்முறையீட்டுக் காரணங்களைப் பதினொரு பத்தியாக நானே டைப் அடித்திருந்தேன். கீழ்க் கோர்ட்டு இதைக் கவனிக்கவில்லை, அதைக் கவனிக்கவில்லை என்று ஊர்ப்பட்ட குறை. உண்மையான காரணம் மட்டும் அதில் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் அவர் கேப்பை அடையைப் பிட்டு எனக்குப் பாதி கொடுத்தார். "நடந்து நடந்து ஒரே பேஜாரா கீது பாப்பா. மேல கோர்ட்டுல கெடச்சிடுமா?"

"பார்க்கலாம்க்கா" என்றேன்.

அதற்கு அடுத்த வருடம் கல்யாணமாகி நான் இங்கே வந்துவிட்டேன். மேல்முறையீடும் தள்ளுபடி என்று சீனியரே ஒருமுறை போனில் சொன்னார். வேறு ஏதோ பேசும்போது, நடுவில்.

இங்கே பனியில் வழுக்கி நடந்த நாட்களில் எல்லாம் எனக்கு ஒரே ஆறுதல் அவர் பார்த்த அந்தப் பார்வைதான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, என் மேல் அவ்வளவு பிரியம், என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன். ஜெபம் செய்யும்போதுகூட அவருக்காக ஒன்று சேர்த்துக்கொள்வேன். அவ்வளவு சுலபமாக முடித்துக்கொண்டேன்.

நாலு வருடம் முன்பு அம்மாவின் முதல் வருடப் பூசைக்காகத் திண்டிவனம் போனேன். பங்குனி மாதம். ஜெனியைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, செஞ்சி ரோட்டில் வண்டி எடுத்துக்கொண்டு போனேன். வழி நெடுக மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடிக்கொள்ளலாமா என்றிருந்தது.

பச்சையம்மாள் மகள் வீட்டில் இருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. கூலிக்குப் போய் வந்து கை கழுவிக்கொண்டிருந்தார்.

"டைப்பு பாப்பாவா? சதை போட்டுக்கினியே! அடையாளமே தெரியல" என்று சிரித்தார். உள்ளே போய்த் தட்டில் வேகவைத்த மல்லாட்டை கொண்டுவந்து வைத்தார்.

விமானத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன பேச்செல்லாம் மறந்துபோய், அழுகைதான் முதலில் வந்தது. தேதி நான் போட்டது அக்கா, நான் கேட்காமல் எழுதினது, உங்கள் நிலம் என்னால்தான் போயிற்று என்று எப்படியோ சொல்லிமுடித்தேன்.

அவர் ஒரு காயை உரித்துக்கொண்டே, "அது தெரியும் பாப்பா" என்றார். "கூண்டுல நிக்கச்சொல்லவே தெரியும்."

"அப்ப ஏன்க்கா என் பேரைச் சொல்லலை?"

"நான் சொன்னா உன் வேலை பூடும். நீயா எழுந்து சொன்னா, வக்கீலு ரெண்டு திட்டு திட்டுவாரு, அதோட போச்சி. நீ சொல்லுவேன்னுதான் உன்னியே பாத்துக்கினு நின்னேன்." தோலைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். "நீ குனிஞ்சிக்கினே."

இப்போதும் நான் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெளிய வந்து சொல்லுவேன்னு பாத்தேன். விழுப்புரம் போச்சொல்ல பஸ்ஸுல சொல்லுவேன்னு பாத்தேன். அப்பறம் நீ வெளிநாடு பூட்டேன்னாங்க. சர்தான்னு வுட்டுட்டேன்." தட்டை என் பக்கம் தள்ளினார். "சாப்புடு, ஆறிப்பூடும்."

சாப்பிட்டேன். சாப்பிடாமல் எழுந்து வர என்ன யோக்கியதை இருக்கிறது? திரும்பும்போது அவர் மகள் ரோடு வரை வந்து, ஒரு வயலைக் கைகாட்டி, "அதான் எங்க நெலம்" என்றாள். நாலைந்து பெண்கள் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பச்சையம்மாளும் அன்று காலை அதில்தான் கூலிக்குப் போய் வந்திருக்கிறார்.

7

இதை எல்லாம் இந்த வாரம் ஜெனியிடம் சொன்னேன். கரண்டியை ஓங்கி வைத்ததற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்ததே. என் தமிழ் அவளுக்குப் பாதி புரியாது. அவள் ஆங்கிலம் எனக்கு முழுதாக வராது. மல்லாட்டையை வேர்க்கடலை என்றால் புரியவில்லை, பீநட் என்றால்தான் புரிகிறது. பட்டத்தை விளக்கவே கால் மணி நேரம் ஆனது. ஆரோக்கியமும் கம்ப்யூட்டரை மூடிவிட்டு வந்து நின்றார்.

"இப்ப அந்த ஜட்ஜ்கிட்ட சொல்ல முடியாதா?" என்று கேட்டாள்.

"எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"அந்த ஆன்ட்டிக்கு வேற லேண்ட் வாங்கித் தரலாமே?"

"கேட்டுப் பார்த்தேன். வேண்டாம்னுட்டாங்க."

"ஓகே" என்றாள். அவளுடைய ஓகேவுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு எப்போதும் தெரிந்ததில்லை.

சனிக்கிழமையும் வந்து போய்விட்டது. இந்தக் கடைசிப் பகுதியை ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன். என் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஜெனி கூண்டில் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு பெரிய கோர்ட்டில் அவ்வளவு சின்னதாகத் தெரிந்தாள். பல்லில் கம்பி போட்ட ஒரு பெண் எதிர்த் தரப்பு வக்கீல். ஒன்பது நாற்பது என்று எப்படித் தெரியும், கடிகாரம் எங்கே இருந்தது என்று கேட்டாள். அது ஐந்து பக்கத்தில் எங்கேயும் இல்லை. ஜெனி திணறினாள். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தாள்.

என் தலை தானாகக் குனிந்தது. சத்தியமாக நான் குனியவில்லை; அது குனிந்தது. மடியில் நாடா இல்லை, கைப்பைதான் இருந்தது. ஐயோ என்று நான் நிமிர்ந்தபோது அவள் நீதிபதி பக்கம் திரும்பியிருந்தாள். "எனக்குத் தெரியாது" என்று அவளாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் பாதி தூரம் வரை போனைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சிக்னலில் நின்றபோது அதை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"உன்னைத்தான் பார்த்தேன், மம்மி" என்றாள்.

"தெரியும்" என்றேன்.